அண்டை வீட்டாரின் அன்பும் டயாலிசிஸ் நோயாளியும்

ஒரு வீட்டில் நோய் புகுந்தால் அதை முதலில் அறிபவர்கள் அண்டை வீட்டார். காலையில் ஆட்டோ வந்து நிற்பதையும், மாலையில் ஒருவர் மற்றவரைத் தாங்கிப் பிடித்தபடி திரும்புவதையும் அவர்களே பார்க்கிறார்கள். பார்த்தவர்கள் வெறுங்கையுடன் வருவதில்லை. பழமோ, இளநீரோ, கேள்விப்பட்ட ஒரு மருந்தோ, ஓர் அறிவுரையோ அவர்களுடன் வருகிறது. அந்த அன்பை எவ்வாறு பெறுவது, எதை விலக்குவது, அவர்களிடம் எதைக் கேட்பது என்பதே இம்மாதப் பாடம்.

எங்கள் பிரிவில் செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவர், ஒரு கோடைக் காலத்தில் திங்கட்கிழமை பின்னிரவில் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டார். கால்கள் தளர்ந்து அவரால் எழ இயலவில்லை. நாடித்துடிப்பு மிகவும் குறைந்திருந்தது. இரத்தத்தில் பொட்டாசியம் 7-ஐத் தாண்டியிருந்தது. உடனடிச் சிகிச்சையாலும் டயாலிசிஸாலும் அவர் பிழைத்தார். வெயிலில் வாடியிருக்கிறாரே என்று பக்கத்து வீட்டு அம்மையார் தம் மரத்து இளநீரைக் காலையும் மாலையும் கொடுத்திருக்கிறார். செய்தி அறிந்து அவர் அழுதார். அவர்மீது குற்றமில்லை. விலக்க வேண்டிய உணவுகளின் பட்டியலை நோயாளியிடம் கொடுத்த நாங்கள், வாசலுக்கு வருபவர்களிடம் அதை எப்படிச் சொல்வது என்று கற்றுத்தரவில்லை. அக்குறையை நிரப்பவே இதை எழுதுகிறோம்.

இளநீர் எப்படி ஆபத்தாகிறது?

இரத்தத்தில் பொட்டாசியத்தின் அளவு பொதுவாக 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டும். மிகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அவ்வழி அடைபட்டிருக்கிறது. அடுத்த டயாலிசிஸ் வரை அது உடலிலேயே தேங்குகிறது. அளவு மிகும்போது தசைகள் தளரும். இதயம் முன்னறிவிப்பின்றி நின்றுவிடவும் கூடும். இரண்டு டயாலிசிஸுக்கு இடையே இடைவெளி நீளும் நாட்களில் இந்த ஆபத்து அதிகம். 100 மில்லி லிட்டர் இளநீரில் சுமார் 200 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. வாழைப்பழம், ஆரஞ்சு, தக்காளி, கீரை, பழச்சாறு ஆகியவற்றிலும் அது மிகுதி. நலமுள்ளவருக்கு வலுவூட்டும் அதே பொருள்கள்தாம் இவருக்குத் தீங்காகின்றன. அண்டை வீட்டார் இதை அறியாதிருப்பது இயல்பே.

அறிவுரை வரும்போது

மூன்று அறிவுரைகளை நாங்கள் அடிக்கடிக் கேள்விப்படுகிறோம்.

முதலாவது, "வாழைத்தண்டுச் சாறு குடித்தால் சிறுநீரகம் சுத்தமாகும்" என்பது. செயலிழந்த சிறுநீரகத்தை அது மீட்பதில்லை. பொட்டாசியத்தையும் நீரையும் உடலில் கூட்டுகிறது.

இரண்டாவது, "டயாலிசிஸைத் தொடங்கினால் விடவே முடியாது, தள்ளிப்போடுங்கள்" என்பது. திடீரெனச் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட சிலர், அது மீண்டபின் டயாலிசிஸை நிறுத்தியிருக்கிறார்கள். நிரந்தரமாகச் செயலிழந்தவருக்கு அது தொடர்ந்து தேவைப்படுவது பழக்கத்தால் அன்று, நோயால். ஒருமுறை தவறினாலும் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறக்கூடும்.

மூன்றாவது, "மூட்டுவலிக்கு நான் போடும் மாத்திரை நன்றாகக் கேட்கிறது, இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்" என்பது. வலிநிவாரணிகளுள் பல, எஞ்சியிருக்கும் சிறிதளவு சிறுநீரகச் செயலையும் அழித்துவிடும். ஒருவருடைய மாத்திரையை மற்றவர் விழுங்குவது எந்நோயிலும் கூடாது.

இவற்றைச் சொல்பவர்களோடு வாதிட வேண்டியதில்லை. "அக்கா, அக்கறையாகச் சொன்னீர்கள். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்கிறோம்" என்றால் போதும். உறவும் கெடாது, உடலும் கெடாது. பிறகு அந்த அறிவுரையைக் குறிப்பேட்டில் எழுதி, அடுத்த டயாலிசிஸ் நாளில் எங்களிடம் காட்டுங்கள். எதைக் கேட்டாலும் கடிந்துகொள்ள மாட்டோம். கேட்காமல் செய்து பார்ப்பதற்கே அஞ்சுகிறோம்.

தயங்காமல் கேட்க வேண்டியவை

"ஏதாவது உதவி வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்று அண்டை வீட்டார் சொல்வார்கள். "பரவாயில்லை" என்று நாம் விடையளித்துவிடுவோம். பிறருக்குச் சுமையாகக் கூடாது என்ற எண்ணமே காரணம். ஒருமுறை டயாலிசிஸ் செய்ய ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகிறது. பயணமும் காத்திருப்பும் சேர்ந்தால் ஒரு நாளே கழிந்துவிடும். வாரம் இருமுறையோ மும்முறையோ, மாதக்கணக்கில் இதைத் தனியாகச் சுமக்கும் மனைவியோ மகனோ ஒருநாள் தளர்ந்துவிடுவார். அவர் தளர்ந்தால் நோயாளியின் சிகிச்சை தடைபடும்.

ஆகவே, குறிப்பிட்ட ஒன்றைக் கேளுங்கள். "வெள்ளிக்கிழமை பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர முடியுமா?", "தண்ணீர் வரும் நேரத்தில் இரண்டு குடம் பிடித்து வைப்பீர்களா?", "இம்மாதம் ஒருமுறை மட்டும் இவரோடு மருத்துவமனைக்குப் போய்வர இயலுமா?" இவ்வாறு கேட்டால் உதவ விரும்புபவருக்கு வழி தெரிகிறது. இளநீர் கொண்டுவந்த கை, குடத்தையும் மகிழ்ந்து தூக்கும். மேலே சொன்ன அம்மையார் இப்போது வெள்ளிக்கிழமைதோறும் அவ்வீட்டுப் பிள்ளைகளுக்கு மாலைச் சிற்றுண்டி கொடுத்துப் பார்த்துக்கொள்கிறார்.

அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை

நோயைப் பற்றி யாரிடம், எவ்வளவு சொல்வது என்பது நோயாளியின் உரிமை. அவர் இசைந்தால், நம்பிக்கைக்குரிய ஒரு வீட்டாரிடமேனும் பின்வருவனவற்றைச் சொல்லி வையுங்கள்.

• ஃபிஸ்டுலா உள்ள கை எது என்பது. அக்கையில் ஊசி போடவோ, இரத்த அழுத்தம் பார்க்கவோ, பாரம் தூக்கச் செய்யவோ கூடாது.
• அங்கிருந்து இரத்தம் கசிந்தால், தூய துணியை அவ்விடத்தில் வைத்து விரலால் விடாது அழுத்தி, கையை உயர்த்திப் பிடித்து, 108-ஐ அழைக்க வேண்டும்.
• படுத்தால் மூச்சுத் திணறுதல், கால்கள் திடீரெனத் தளர்தல், படபடப்பு, மயக்கம் ஆகியவை தோன்றினால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.
• காபி, மோர், தண்ணீர் ஆகியவற்றுக்கும் அளவு உண்டு. உபசரிக்கும்போது வற்புறுத்த வேண்டாம்.

உண்ணவும் பருகவும் கொடுப்பவற்றை விசாரித்துப் பெறுங்கள். நேரத்தையும் கைவேலையையும் தயங்காமல் கேளுங்கள்.

வீட்டில் கலந்து பேச

1. கடந்த மாதம் அண்டை வீட்டார் கொடுத்தவற்றுள் எவற்றை எங்களிடம் கேட்காமல் உட்கொண்டீர்கள்?
2. அடுத்த டயாலிசிஸ் நாளில் எந்த ஒரு வேலையை, யாரிடம் கேட்கலாம்?
3. இரவில் அவசரம் நேர்ந்தால் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள்? அவர்களுக்கு அது தெரியுமா?