சென்சாரை எங்கே வைத்தாய்?

அன்புள்ள நிலா,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். செயற்கைக்கோளுக்கான, உள்ளங்கையில் அடங்கும் அந்த மின்சுற்றுப் பலகையை நீயே சால்டர் செய்தாய் என்பதில் எனக்குப் பெருமை. ஆனால் வெப்பநிலை சென்சார் சிப்பை ஒட்டியே இருக்கிறதே, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

2022 ஆகஸ்ட் 7 உனக்கு நினைவிருக்கும். அரசுப் பள்ளி மாணவியர் 750 பேர் செய்த 75 சிறு கருவிகளோடு ஆஸாதிசாட் செயற்கைக்கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. நம் திருமங்கலம் பிள்ளைகளின் கையும் அதில் இருந்தது. அதைச் சுமந்த எஸ்எஸ்எல்வி ராக்கெட்டின் மூன்று திட எரிபொருள் அடுக்குகளும் சரியாகவே எரிந்தன. இரண்டாம் அடுக்கு பிரிந்தபோது எழுந்த அதிர்வுதான் முடுக்கமானி சென்சார்களைக் கண்ணிமைக்கும் நேரம் திணறடித்தது. அவை கெட்டுவிட்டன என்று மென்பொருள் முடிவுகட்டியது. உண்மையில் அவை நன்றாகத்தான் இருந்தன! அந்தத் தவறான முடிவால், 356 கிலோமீட்டர் வட்டப்பாதைக்குப் போகவேண்டியது, ஒரு முனை 76 கிலோமீட்டருக்குத் தாழ்ந்த நீள்வட்டத்தில் போய் நின்றது. அந்த உயரத்தில் காற்று இழுத்துவிடும். செயற்கைக்கோள் தங்கவில்லை.

அன்று அந்தப் பிள்ளைகளை நினைத்து நான் அழுதேன். அடுத்த பிப்ரவரி 10-ஆம் தேதி, 8.7 கிலோ எடையுள்ள ஆஸாதிசாட்-2 450 கிலோமீட்டர் உயரத்தை எட்டியபோதும் அழுதேன். இடைப்பட்ட மாதங்களில் அடுக்கைப் பிரிக்கும் முறையையும், சென்சாரை நம்புவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் விதியையும் மாற்றியிருந்தார்கள்.

சென்சாரை நம்பலாமா என்ற அந்தக் கேள்வி உன் பலகைக்கும் உண்டு. அது காட்டும் எண் எதன் சூடு? இங்கே மின்விசிறிக் காற்று சிப்பின் சூட்டை வாரிக்கொண்டு போகிறது. மேலே சுற்றுப்பாதையில் காற்று அநேகமாகக் கிடையாது. சூடு பலகை வழியாகப் பரவவேண்டும், அல்லது கதிர்வீச்சாக வெளியேறவேண்டும். பூமியைச் சுற்ற ஏறக்குறைய 90 நிமிடம். அதற்குள் வெயிலும் நிழலும் மாறி மாறி வரும். அந்த ஏற்ற இறக்கத்தை அளக்கத்தானே நீ ஆசைப்பட்டாய்? இப்போதைய இடத்தில் சென்சார் சிப்பின் காய்ச்சலைத்தான் சொல்லும்.

இன்னொரு சென்சாரைத் தூர மூலையில் வை. பலகையைத் தகர டப்பாவில் மூடி, இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு எண்களையும் நோட்டில் எழுது. மற்றதோடு ஒத்துப்போகாத எண்ணை அடித்துவிடாதே. அதை வட்டமிட்டு, நேரத்தையும் குறித்து வை.

அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வருகிறேன், சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
அத்தை