ஜன்னல் மாளிகை கட்டிய பாட்டி



இங்கிலாந்தில் டெர்பிஷயர் என்ற பகுதியில், குன்றின் மேலே ஹார்ட்விக் ஹால் என்ற மாளிகை இருக்கிறது. இதைக் கட்டியது எந்த ராஜாவும் இல்லை. 60 வயசு தாண்டிய ஒரு பாட்டி! அவர் பெயர் எலிசபெத். எல்லோரும் பெஸ் என்று சொல்வார்கள்.

அந்தக் காலத்து ஆங்கிலேயச் சட்டப்படி, கல்யாணம் ஆன பெண்ணின் சொத்து கணவர் கைக்குப் போய்விடும். விதவையானால்தான் அவள் தன் இஷ்டப்படி சொத்தை ஆளலாம். பெஸ்ஸின் நான்காவது கணவர் 1590-ல் இறந்தார். அந்த வருஷமே மாளிகை வேலை ஆரம்பித்தது. 1597-ல் பெஸ் குடிவந்தார். ஆறு கோபுரங்களின் உச்சியிலும் தன் பெயரின் எழுத்துக்களைக் கல்லில் செதுக்க வைத்தார்!

கட்டட அமைப்பு: வரைபடம் போட்டவர் ராபர்ட் ஸ்மித்சன் என்று கருதப்படுகிறது. மொத்தம் மூன்று தளங்கள். கீழே வேலையாட்கள், நடுவில் குடும்பம், மேலே பெரிய விருந்தாளிகள். மேலே போகப் போக ஜன்னல்களும் உயரமாகும். அப்போது கண்ணாடி ரொம்ப விலை. அதனால் ஜன்னல் நிறைய இருந்தால் பணக்காரர் என்று அர்த்தம். குளிர் நாடு ஆச்சே, அறைகளில் தீ மூட்டணும். அந்தப் புகைபோக்கிகளைப் பெரும்பாலும் உள்சுவர்களில் வைத்துவிட்டார்கள். அதனால்தான் வெளிச்சுவரில் இவ்வளவு ஜன்னல் வைக்க முடிந்தது. மேல் தளத்தில் சுமார் 50 மீட்டர் நீளக் கூடமும் உண்டு. மழை நாளில் அங்கேயே நடக்கலாம்.

இதுவரை படித்தபோது பெஸ் பாட்டியை எனக்கு ரொம்பப் பிடித்தது. அப்புறம்தான் அவருடைய பேத்தி அராபெல்லாவைப் பற்றித் தெரிந்தது. அப்பா, அம்மா இல்லாத பெண். இங்கிலாந்தின் ராணியாக வர உரிமை உள்ளவர்களில் ஒருத்தி. யாராவது கடத்திப் போய்விடுவார்களோ என்று பயந்து, பாட்டி அவளைத் தன் அறையிலேயே தூங்க வைத்தார். வெளியே போனாலும் காவல்தான். 1603-ல், 27 வயதில், அவள் அங்கிருந்து தப்பிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

தன் பெயரை வானம் வரைக்கும் எழுதிய பாட்டி, பேத்தியை ஏன் வெளியே விடவில்லை? பயம்தான் காரணம் என்று நினைக்கிறேன். பாசமும் இருந்திருக்கும். ஆனாலும் அவ்வளவு ஜன்னல் உள்ள வீட்டில் அராபெல்லா வெளியே பார்க்க மட்டும்தான் முடிந்தது. அது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

1959 முதல் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு இந்த மாளிகையைப் பராமரிக்கிறது. இப்போது யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் தோழிகளே? எனக்குச் சொல்லுங்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி