பாதாம் கணக்கு

அன்புள்ள கயல்,

மொடெஸ்டோ ஜூனியர் கல்லூரியில் வேளாண் வணிகம் எடுத்திருக்கிறாய் என்றதும் பெரியம்மா, "ஏன், யுனிவர்சிட்டியில இடம் கிடைக்கலையா?" என்று கேட்டாராம். அடுத்த முறை அவரிடம் தியோடர் ஷுல்ட்ஸைப் பற்றிச் சொல். தெற்கு டகோட்டாவில் பண்ணை வீட்டுப் பிள்ளை; உயர்நிலைப் பள்ளி வாசலையே மிதிக்காதவர். 1921இல், வயல்வேலை ஓய்ந்த குளிர்காலத்தில் வருடத்துக்கு நான்கே மாதம் நடக்கும் வேளாண் வகுப்பில்தான் சேர்ந்தார். 1979இல் பொருளியலுக்கான நோபல் பரிசு வாங்கினார். உன் கல்லூரி தொடங்கியதும் அதே 1921தான். தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.

பணத்தைப் பற்றி அப்பா கவலைப்பட வேண்டாம். கலிஃபோர்னியாவில் குடியிருப்பவர்களுக்குப் பாட யூனிட்டுக்கு 46 டாலர்தான் கட்டணம். இரண்டு வருடம் முடித்து டேவிஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறும் எண்ணமிருந்தால் கால்குலஸையும் புள்ளியியலையும் இங்கேயே முடித்துவிடு. "அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்று கணக்கை மட்டும் தள்ளிப்போடாதே.

இனி, நான் சொல்ல வந்த விஷயம். நீ பஸ்ஸில் கடந்துபோகும் பாதாம் தோப்புகளே உன் முதல் பாடம். 2014 வாக்கில் பவுண்டு 4 டாலரை ஒட்டி விற்றது. ஆளாளுக்குக் கன்று வைத்தார்கள். பாதாம் காய்க்கத் தொடங்க மூன்று வருடம், நிறைந்து காய்க்க இன்னும் சில வருடம். அத்தனை தோப்பும் காய்ப்புக்கு வந்தபின் விலை 2 டாலருக்கும் கீழே இறங்கியது. தக்காளிக்காரர் அடுத்த வருடமே பயிரை மாற்றிவிடலாம். பாதாம் மரமோ இருபத்தைந்து வருடம் நிற்கும். கன்றுக்கும் கிணற்றுக்கும் போட்ட பணம் போனது போனதுதான். தண்ணீர்ச் செலவும் அறுவடைக் கூலியும் தேறுகிற வரைக்கும் மரத்தை வெட்ட மனம் வராது. விலை விழுந்தும் வரத்துக் குறையாததன் மர்மம் இவ்வளவுதான்.

விலை ஏறியதும் எல்லோரும் நட்டு, காய்ப்பு வந்ததும் விலை விழுகிற இந்தச் சுழற்சிக்கு வகுப்பில் சிலந்திவலைத் தேற்றம் என்று பெயர் சொல்வார்கள். மார்டிகை எசகியேல் 1938இல் எழுதிய கட்டுரையால் புகழ்பெற்றது. அதற்கு வரையும் படம் அழகாக இருக்கும், தேர்வில் மதிப்பெண்ணும் வரும். ஆனால் அந்தப் படத்துக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: இந்த வருட விலைதான் அடுத்த வருடமும் என்று விவசாயி நம்பிவிடுகிறாராம். அவ்வளவு ஏமாளியா அவர்? ஏழை விவசாயியும் தன் கையிலிருப்பதை வைத்துச் சரியாகவே கணக்குப் போடுகிறார் என்று 1964இல் ஒரு புத்தகமே எழுதியவர் ஷுல்ட்ஸ்.

யார் சொல்வது சரி என்று என்னைக் கேட்காதே. உன்னுடன் படிப்பவர்களில் தோப்புக்காரர் வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். பெரிய ஊரில் படிப்பவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆகஸ்டில் மரத்தை உலுக்கும் இயந்திரங்கள் இறங்கும்போது அவர்களோடு போ. எந்த வருடம் நட்டார்கள், அன்று விலை என்ன, கடன் எத்தனை வட்டிக்கு, தண்ணீர் எங்கிருந்து, வெட்டிவிட நினைத்ததுண்டா என்று கேட்டு எழுதிக்கொள். தேங்க்ஸ்கிவிங்குக்கு இங்கே வரும்போது அந்த நோட்டையும் எடுத்து வா.

அன்புடன்,
மாமா