மலைத் தோட்டத்துக்கு எந்தச் சிறு டிராக்டர்?

தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பிப் பழம் பறிக்கிற காலமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றின்மேல் ஒன்று விழும். நவம்பர், டிசம்பரில் பழ மூட்டைகள் களத்துக்கு வந்தாக வேண்டும். தடம் சேறாகி வழுக்குவதும் அதே நாட்களில்தான். கீழ்ப்பழனி மலையில் சிறு டிராக்டர் வாங்க நினைப்பவர் அந்த இரண்டு மாதத்தை மனத்தில் வைத்தே வண்டி பார்க்க வேண்டும். ஏப்ரல் மாதத்துக் காய்ந்த தரையில் எந்த வண்டியும் ஏறிவிடும்.

ஷோரூமுக்குப் போகுமுன் ஒரு பகல் தோட்டத்தை அளந்து பாருங்கள். அரேபிகாவை ஆறடிக்கு ஆறடி நட்டிருப்போம். குட்டை ரகமென்றால் ஐந்தடி. மேலே நிழலுக்குச் சில்வர் ஓக், கல்யாண முருங்கை, அவற்றில் மிளகுக் கொடி. செடிகளுக்கு நடுவே எந்த டிராக்டரும் நுழையப் போவதில்லை. அது ஓடப்போவது தடத்தில் மட்டும். ஆகவே தடத்தின் மிகக் குறுகலான இடம் எத்தனை அடி, மிகச் செங்குத்தான இடத்தில் சரிவு எவ்வளவு என்ற இரண்டு கணக்கும் கையில் இருக்க வேண்டும். சரிவை அளக்கக் கொத்தனாரின் ட்யூப் மட்டம் போதும். கிடைமட்டமாக 10 மீட்டர் போகையில் 1.75 மீட்டர் உயர்ந்தால் அது 10 டிகிரி, 2.7 மீட்டர் உயர்ந்தால் 15 டிகிரி. 10 டிகிரிக்குள் இருந்தால் நல்ல சிறு டிராக்டர் மழையிலும் வேலை செய்யும். 15-ஐத் தாண்டிய இடத்தில் நான் சுமையோடு இறங்கமாட்டேன். தடம் பள்ளத்துப் பக்கம் சாய்ந்திருந்தால் கல்கட்டுப் போட்டு அதைச் சமன் செய்வதுதான் முதல் செலவு. வண்டி அதற்கு அடுத்தது.

இனி எவையெல்லாம் போட்டியில் இருக்கின்றன என்று பார்ப்போம்.

13 குதிரைத்திறன் பவர் டில்லர் விலை குறைவு, குறுகலான தடத்திலும் நுழையும். சமதளக் காய்கறி வயலுக்கு அருமையான கருவி. ஆனால் டிரெய்லர் மாட்டிச் சரிவில் இறக்கும்போது அதற்கு ஒரு குணம் உண்டு. திருப்புவதற்கான இடது கிளட்சைப் பிடித்தால் சமதளத்தில் இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் வலப்பக்கம் திரும்பும். கிளட்ச் விட்ட சக்கரம் எஞ்சின் பிடியிலிருந்து விடுபட்டு முன்னே உருளுவதுதான் காரணம். பழகியவர் கை தானாக மாற்றிப் பிடிக்கும். புதிய ஆளிடம் கொடுத்தால் வண்டி பள்ளத்துக்குப் போகும். செங்குத்தான தோட்டத்துக்கு இதை நான் சொல்வதில்லை.

அடுத்தது 15 முதல் 20 குதிரைத்திறன் வரையிலான இரு சக்கர இயக்க டிராக்டர். உழவுக்கும் மருந்தடிக்கவும் கீழே கிராமத்தில் நன்றாக உழைக்கும். மலையில் இதன் குறை ஏற்றத்தில் தெரிவதைவிட இறக்கத்தில்தான் அதிகம் தெரியும். பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டுமே உண்டு. இறங்கும்போது வண்டியின் பாரம் முன்னே சாய்கிறது, பின்சக்கரம் லேசாகிறது. ஈரத் தரையில் பிரேக்கை மிதித்தால் அது நின்றபடியே சறுக்கும். நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால் முன்சக்கரமும் எஞ்சினோடு பூட்டப்படுகிறது. பாரம் எங்கே இருக்கிறதோ அங்கேயே பிடிப்பும் கிடைக்கிறது. மலைக்காரருக்கு நான்கு சக்கர இயக்கம் அவசியம் என்று நான் அழுத்திச் சொல்வது இந்த ஒரு காரணத்துக்காகத்தான். வேறு எந்த வசதியைக் குறைத்தாவது இதை வாங்குங்கள்.

அந்த வகையில் இங்கே கிடைப்பவற்றில் மூன்றை ஒப்பிடலாம். குபோட்டா நியோஸ்டார் பி2441, 24 குதிரைத்திறன், மூன்று சிலிண்டர். உடல் ஒடுக்கம், எடை குறைவு. ஐந்தடித் தடத்துக்கு ஏற்றது. மஹிந்திரா ஜீவோ 245, அதே 24 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர். இவை இரண்டின் பின்புற ஹைட்ராலிக்கும் 750 கிலோ தூக்கும். ஜான் டியர் 3028 இஎன், 28 குதிரைத்திறன். தூக்கும் திறன் 910 கிலோ, எடையும் கூடுதல். முன்னே எட்டு, பின்னே எட்டு என்று கியர் இருப்பதால், திரும்ப இடமில்லாத தடத்தில் முன்னும் பின்னுமாக எடுக்கும் வேலை வெகு சுலபம். 2023 ஆகஸ்டில் வந்த மஹிந்திரா ஓஜா வரிசை முழுவதும் நான்கு சக்கர இயக்கம்தான், அதையும் பார்த்துவிடுங்கள்.

எடை குறைந்ததா, கூடியதா? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். லேசான வண்டி தடத்தைக் கெடுக்காது, குறுகலில் போகும். ஆனால் பின்னால் டிரெய்லர் மாட்டியதும் கதை மாறுகிறது. நம் ஊர் டிரெய்லர்களில் பெரும்பாலும் பிரேக் கிடையாது. ஒரு டிசம்பர் மாலை, மூட்டை ஏற்றிய டிரெய்லரோடு தூறலில் இறங்கினேன். வளைவில் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ள, டிராக்டர் குறுக்கே மடங்கிச் சில்வர் ஓக் மரத்தில் சாய்ந்து நின்றது. மரம் இல்லையென்றால் கீழே ஓடை. அன்றிலிருந்து டிராக்டரின் எடையைவிடக் கூடுதலான பாரத்தை அதன் பின்னால் நான் இறக்கியதில்லை. சின்ன வண்டி வாங்குவோர் டிரெய்லருக்குப் பதிலாக ஹைட்ராலிக்கில் மாட்டும் சுமைப் பெட்டி செய்துகொள்ளலாம். ஒரு நடைக்குக் கொஞ்சம்தான் வரும், ஆனால் தள்ளாது. அதோடு மேலே ஏறும்போது முன்சக்கரம் தூக்காமலிருக்க முன்னால் எடைக்கட்டி போடவேண்டும். பின் டயரில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்புவதும் நல்லது. பாரம் தாழ்ந்து நிற்கும்.

குதிரைத்திறனைப் பற்றி ஒரு குறிப்பு. டர்போ இல்லாத டீசல் எஞ்சின் 300 மீட்டர் உயரத்துக்குச் சுமார் மூன்று விழுக்காடு சக்தி இழக்கும். 1,300 மீட்டரில் 24 என்பது 21-ஆகிவிடும். கவாத்துக் கழிவைத் துண்டாக்கும் இயந்திரத்தை டிராக்டரின் பி.டி.ஓ. தண்டில் ஓட்ட எண்ணினால் இந்தச் சக்தி இழப்பையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

மரவேலை இருக்கிறதா? மலைப்பகுதிகளில் மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும் என்பது தோட்டக்காரர்களுக்குத் தெரிந்ததே. அனுமதி பெற்று வெட்டிய மரத்தை இழுக்கும்போது சங்கிலியைக் கீழே உள்ள டிராபாரில் மட்டும் மாட்டுங்கள். பின் அச்சுக்கு மேலே எங்கு கட்டினாலும், மரம் ஒரு கட்டையில் தட்டிய நொடியில் முன்பக்கம் எழும்பி வண்டி ஓட்டுநர் மேலேயே மல்லாந்து விழும். இறங்கித் தப்ப அவகாசம் இருக்காது. அதனால் வண்டி உருண்டால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டகமும் சீட் பெல்ட்டும் உள்ள வண்டியைத்தான் கேட்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். சட்டகம் இல்லாத டிராக்டரில் பெல்ட் மட்டும் போட்டுக்கொள்வது ஆபத்து. விற்பனையாளர் சட்டகம் தனி உருப்படி என்பார். அந்தத் தொகையில் பேரம் பேசாதீர்கள். கிளைகளுக்கு அடியில் ஓடும் வண்டிக்கு நிமிர்ந்த சைலன்சரைவிடப் படுக்கையாகப் போகும் சைலன்சர் நல்லது. கோடையில் காய்ந்த சருகை அதில் தங்கவிடக் கூடாது.

வருடத்தில் இருபது நாள்தான் வேலை என்றால் வாங்கவே வேண்டாம். வேளாண்மைப் பொறியியல் துறையின் இ-வாடகைச் சேவை இருக்கிறது. 15 டிகிரிக்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டக் குதிரையை மிஞ்சிய வாகனமில்லை. இன்றும் இந்த மலைகளில் மூட்டை சுமப்பவை அவைதாம். வாங்குவதென்று முடிவானால் துறையின் மானியத்துக்கு முதலிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் உச்சவரம்புக்கு உட்பட்டு 50 விழுக்காடு, மற்றவர்களுக்கு 40.

கடைசியாக, வண்டியை உங்கள் தோட்டத்துக்கே கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். மழை பெய்த மறுநாளாக இருந்தால் மிக நல்லது. பெட்டியில் மூட்டை ஏற்றி, இரு பிரேக் மிதிகளையும் ஒன்றாகப் பூட்டி, நான்கு சக்கர இயக்கத்தில், மிகத் தாழ்ந்த கியரில், நீங்கள் அளந்து வைத்த அந்தச் செங்குத்தான இடத்தில் இறக்கிப் பாருங்கள். கிளட்சைத் தொடவே கூடாது. பிரேக்கை மிதிக்காமல் எஞ்சின் பிடியிலேயே வண்டி நடைவேகத்தில் கீழே வந்து சேர்ந்தால் முன்பணம் கொடுக்கலாம்.