கட்டாத ஃபைன் வேலைக்கு வைக்கும் வேட்டு

செல்போனில் ஒரு குறுஞ்செய்தி வருகிறது. உங்கள் வண்டி எண், இடம், தேதி, 500 ரூபாய். ‘போலீஸ்காரர் வீடு தேடி வந்தா கேட்கப்போறார்?’ என்று பலரும் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். வீடு தேடி யாரும் வரமாட்டார்கள் என்பது பெரும்பாலும் உண்மைதான். நாம்தான் ஒருநாள் போய் நிற்போம்: எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட, வண்டியை விற்க, புது வேலையில் சேர. அந்தப் பழைய சலான் அங்கேதான் குறுக்கே வரும்.

வண்டியை நம்பிப் பிழைப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். டெலிவரி ஊழியர்கள், கால் டாக்ஸி ஓட்டுநர்கள், மெடிக்கல் ரெப்கள், கம்பெனி வண்டியில் ஊர் ஊராகச் சுற்றுபவர்கள், இரண்டு மூன்று டெம்போ வைத்து ஓட்டும் சிறு முதலாளிகள் எல்லோருமே இந்த வகைதான்.

முதலில் தொகையைப் பார்த்துவிடலாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் வந்த திருத்தத்தின்படி தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அபராதங்கள் உயர்த்தப்பட்டன. 100 ரூபாயாக இருந்த ஹெல்மெட் ஃபைன் 1,000 ஆனது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000. நோ பார்க்கிங் போன்ற சில்லறைக் குற்றங்களுக்கு முதல்முறை 500, மறுமுறை 1,500. ஓட்டிக்கொண்டே செல்போனில் பேசினால் முதல்முறை 1,000, மறுமுறை 10,000. இந்த ‘மறுமுறை’யைத்தான் கவனிக்க வேண்டும். ரசீது புத்தகத்தில் எழுதிக் கிழித்துக் கொடுத்த காலத்தில் நீங்கள் நேற்று எங்கே மாட்டினீர்கள் என்று இன்றைக்கு நிறுத்தும் போலீஸ்காரருக்குத் தெரியாது. இப்போது அவர் கையில் இருக்கும் கருவி வண்டி எண்ணைப் போட்டதும் பழைய கணக்கு முழுவதையும் காட்டிவிடும்.

ஃபைன் எப்போது கேஸ் ஆகிறது?

சலான் போட்டதும் நீங்கள் கட்டும் தொகை, சட்டத்தின் 200ஆம் பிரிவுப்படி அதிகாரியிடமே தீர்த்துக்கொள்ளும் சமரசத் தொகை. கட்டிவிட்டால் அந்தக் குற்றத்துக்காக மேற்கொண்டு வழக்கு நடத்த முடியாது என்று சட்டமே சொல்கிறது. கோர்ட் இல்லை, மாஜிஸ்திரேட் இல்லை.

கட்டாமல் விட்டால் அது நீதிமன்றத்துக்குப் போகும். இப்போது பெரும்பாலும் மெய்நிகர் நீதிமன்றம்தான் என்பதால் படியேற வேண்டியதில்லை, இணையத்திலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டு பணம் கட்டலாம். வசதிதான். ஆனால் அதே 500 ரூபாய் இங்கே வேறு பெயர் எடுத்துவிடுகிறது: நீதிமன்றம் விதித்த அபராதம். அதையும் கண்டுகொள்ளாமல் இருந்தால் சம்மன், அதற்கும் போகாவிட்டால் வாரண்ட் என்று நீளலாம்.

குடித்துவிட்டு ஓட்டிய கேஸ் இதில் தனி ரகம். அதை ரோட்டிலேயே கட்டி முடிக்க வழியே இல்லை, கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். முதல்முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சென்னையில் இந்த ஃபைனைக் கட்டாமல் இழுத்தடித்தவர்களின் வண்டி உள்ளிட்ட அசையும் சொத்தை ஜப்தி செய்யப் போக்குவரத்துப் போலீஸ் கோர்ட்டில் வாரண்ட் வாங்கிய கதையும் உண்டு. அதற்கு முன்பே, 2022இல், பாக்கி வைத்தவர்களுக்குப் போன் போட்டு நினைவூட்டவென்றே சென்னையில் போலீஸ் அழைப்பு மையங்கள் திறக்கப்பட்டன.

வேலை விண்ணப்பத்தில் அந்த ஒரு கேள்வி

படித்துவிட்டு வேலை தேடும் இளைஞர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். மத்திய அரசு வேலையில் சேரும்போது நிரப்பும் அட்டெஸ்டேஷன் படிவத்தில், கைது, வழக்கு ஆகியவற்றோடு ‘நீதிமன்றத்தால் அபராதம் விதிக்கப்பட்டதுண்டா’ என்ற கேள்வியும் இருக்கிறது. போலீஸிடம் ஃபைன் கட்டி முடித்தவர் ‘இல்லை’ என்று எழுதலாம். சலானைக் கோர்ட் வரை இழுத்துவிட்டுக் கட்டியவர் ‘ஆம்’ என்று எழுதி விவரமும் கொடுக்க வேண்டும். தகவலை மறைத்தாலோ பொய் சொன்னாலோ வேலைக்குத் தகுதி இல்லை என்ற எச்சரிக்கையும் அதே படிவத்தில்தான் இருக்கிறது.

பயப்பட வேண்டாம். நோ பார்க்கிங் ஃபைனுக்காக யாரும் வேலையை மறுக்கப்போவதில்லை. சிக்கல் வருவது மறைப்பதால். அவதார் சிங் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதை விரிவாகப் பேசியது. மிகச் சிறிய குற்றம், சொல்லியிருந்தாலும் வேலைக்குத் தடையாக இருந்திருக்காது என்றால், அதை மறைத்ததை நிர்வாகம் பொருட்படுத்தாமல் விடலாம் என்றது தீர்ப்பு. விட்டே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. அதாவது முடிவு மேலதிகாரியின் கையில். 500 ரூபாய்க்காக அந்த நிலைமைக்குப் போவானேன்? ஏற்கெனவே கோர்ட்டில் கட்டியிருந்தால் தயங்காமல் எழுதிவிடுங்கள், ரசீதையும் இணையுங்கள்.

தனியார் கம்பெனிகளும் சேர்க்கும் முன் பின்னணியை விசாரிக்கின்றன. ஓட்டுநர் வேலை என்றால் அவர்கள் பார்ப்பது லைசென்ஸைத்தான். சிக்னலை மீறுவது, அதிவேகம், செல்போன், குடிபோதை, அதிகப் பாரம் ஏற்றுவது போன்றவற்றுக்கு லைசென்ஸைக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்திவைக்க வேண்டும் என்று சாலைப் பாதுகாப்புக்கான உச்ச நீதிமன்றக் குழு 2015இல் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. ஃபைனைக் கட்டிவிட்டோமே என்று இதில் நிம்மதி அடைய முடியாது, அது வேறு, இது வேறு. மாதச் சம்பளக்காரருக்கு மூன்று மாதம் பஸ் பயணம். கால் டாக்ஸி ஓட்டுநருக்கு மூன்று மாதம் வருமானமே கிடையாது.

மஞ்சள் போர்டுக்காரர்களுக்கு

வண்டியின் பதிவு விவரங்களும் சலான் விவரங்களும் மத்திய அரசின் பரிவாகன் அமைப்பில் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. பாக்கி இருந்தால் எஃப்.சி., பெர்மிட், பெயர் மாற்றம், என்.ஓ.சி. எதுவானாலும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் முட்டுக்கட்டை விழும். எஃப்.சி. நின்றால் வண்டி ஷெட்டில் நிற்கும், வரும்படி நிற்கும், கடன் டியூ மட்டும் நிற்காது. எஃப்.சி. இல்லாமலே ஓட்டிவிடலாம் என்றால் அதற்குத் தனி ஃபைன், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்களிடமும் இழுபறி.

ஓட்டுநரிடம் வண்டியைக் கொடுத்திருக்கும் முதலாளிகளுக்கு இரண்டு விஷயம். கேமரா பிடிப்பது வண்டி எண்ணை, எனவே சலான் உங்கள் பெயருக்குத்தான் வரும். வண்டியை ஓட்டியது யார் என்று போலீஸ் கேட்டால் பெயரையும் லைசென்ஸ் விவரத்தையும் சொல்வது 133ஆம் பிரிவுப்படி உரிமையாளரின் கடமை. எந்த நாள், எந்த வண்டி, யார் கையில் என்று ஒரு நோட்டுப் புத்தகமாவது வைத்திருங்கள். இரண்டாவது, சட்டத்தை மீறியதற்குக் கட்டும் அபராதத்தை வருமான வரிக் கணக்கில் தொழில் செலவாகக் கழிக்க முடியாது.

ஓட்டுநர் பக்கமும் சொல்ல வேண்டும். ஃபைன் வந்தது என்று விளக்கமே கேட்காமல் சம்பளத்தில் பிடிப்பது முறையல்ல. ஓட்டுநர் சிக்னலை மீறினால் அது அவர் பொறுப்பு. இன்சூரன்ஸ் முடிந்த வண்டியைக் கொடுத்து ஓட்டச் சொன்னால், நிறுத்த இடமே இல்லாத கடை வாசலில் சரக்கை இறக்கச் சொன்னால், அந்த ஃபைனை முதலாளி கட்டுவதுதான் நியாயம். வேலைக்குச் சேரும்போதே இதைப் பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தள்ளுபடிக்குக் காத்திருக்கலாமா?

தெலங்கானாவில் 2022இலும் 2023 கடைசியிலும் பழைய சலான்களுக்குப் பெரிய தள்ளுபடி கொடுத்தார்கள். கர்நாடகத்தில் 2023 பிப்ரவரியில் பாதித் தொகை கட்டினால் போதும் என்றார்கள், 2025இல் மறுபடியும் அதே சலுகை. டெல்லியில் லோக் அதாலத் நடக்கும் நாளில் சலானைக் குறைத்துக்கொள்ளக் கூட்டம் அலைமோதும். ஒழுங்காகக் கட்டியவரை ஏமாளியாக்கும் ஏற்பாடு இது என்பது என் கருத்து. அது கிடக்கட்டும். அறிவிப்பு எப்போது வரும், வருமா என்பது யாருக்கும் தெரியாது. எஃப்.சி. தேதியோ நாள் தவறாமல் வந்து நிற்கும்.

தப்பான சலான் வந்தால்

கட்டாமல் இருக்க நியாயமான காரணம் ஒன்றுண்டு: குற்றம் உங்களுடையது அல்ல என்பது. நம்பர் பிளேட்டில் ஒரு எழுத்தைக் கேமரா மாற்றிப் படித்திருக்கலாம், உங்கள் எண்ணை வேறொருவன் போலியாக மாட்டிச் சுற்றலாம். இ-சலான் தளத்தில் படம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். படத்தில் இருப்பது உங்கள் வண்டி இல்லையென்றால் அதே தளத்தில் புகார் கொடுக்கலாம், கேஸ் கோர்ட்டுக்குப் போயிருந்தால் மறுக்கலாம். மின்னணுக் கருவியில் பதிவான குற்றத்துக்கு 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்பது 2021 விதி. புகாரும் கொடுக்காமல் பணமும் கட்டாமல் சும்மா இருப்பது மட்டும் கூடாது.

விற்ற வண்டியில் மாட்டிக்கொள்பவர்கள் ஏராளம். வண்டியைக் கொடுத்து, காசை வாங்கி, ‘பேரு மாத்திக்கப்பா’ என்று வாய்வார்த்தையில் விட்டுவிடுவார்கள். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் நவீன் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. அது விபத்து இழப்பீட்டு வழக்கு. இழப்பீடு வரை போகாமல் சலானோடு போனால் அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிப்பது விற்றவரின் கடமை.

சலான் வந்ததே தெரியாது என்பவர்களும் உண்டு. ஆர்.சி.யில் பதிவான செல்போன் எண் டீலருடையதாகவோ புரோக்கருடையதாகவோ இருக்கும். பரிவாகன் தளத்தில் எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். அதே சமயம் வாட்ஸ்அப்பில் சலான் என்று ஏதாவது ஃபைல் வந்தால் தொடவே தொடாதீர்கள், வங்கிக் கணக்கைக் காலி செய்யும் மோசடி அது. அரசுத் தளத்தின் முகவரி ‘கவ் டாட் இன்’ என்றுதான் முடியும். பணம் போய்விட்டால் உடனே 1930க்கு அழையுங்கள்.

எஃப்.சி. காட்டவோ வண்டியை விற்கவோ போகிறீர்கள் என்றால் இரண்டு வாரத்துக்கு முன்பே வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். கோர்ட்டுக்குப் போன சலானை முடித்து, அது தளத்தில் ‘கட்டப்பட்டது’ என்று மாறச் சில நாட்கள் ஆகலாம். அதுவரை ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.