சிவகங்கை பூங்காவுக்குக் கிளம்பும் முன்

தஞ்சைப் பெரிய கோயிலை ஒட்டியே இருக்கும் சிவகங்கை பூங்காவை, நடை திறக்கும்வரை காலாற உட்கார ஓர் இடமாகத்தான் வெளியூர்க்காரர்கள் பலர் நினைக்கிறார்கள். 1871-72-இல் தஞ்சை நகராட்சி அமைத்த பூங்கா அது. உள்ளே இருக்கும் குளத்துக்கு வயது அதைவிடப் பல நூறு ஆண்டு கூட. உச்சி வெயிலில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போய், ஒன்றையும் பார்க்காமல் திரும்பியவர்களைக் கண்டு மனசு கேட்காமல் இதை எழுதுகிறேன்.

செய்ய வேண்டியவை

• பூங்காவை முதலில் பாருங்கள், கோயிலுக்குப் பிறகு போங்கள். மாலை நாலு மணிவாக்கில் தொடங்கினால், இருட்டும் நேரத்தில் பிராகாரத் தரையின் சூடு தணிந்திருக்கும், வெறுங்காலோடு நடக்கலாம்.

• நேரத்தையும் டிக்கெட்டையும் அன்றன்றைக்கே விசாரியுங்கள். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் பூங்காவில் நடந்த வேலைக்குப் பிறகு பல ஏற்பாடுகள் மாறிவிட்டன.

• குளத்தருகே கொஞ்சம் நில்லுங்கள். அதன் நடுவே சிறு சிவன் கோயில் இருக்கிறது. அப்பர் தேவாரத்தில் வரும் தஞ்சைத் தளிக்குளம் இதுதான் என்று கருதுவோர் உண்டு. அப்படியானால், ராஜராஜன் 1010-இல் பெரிய கோயிலை முடிப்பதற்கு மூன்று நூற்றாண்டுக்கும் மேல் முன்பே பாடப்பட்ட நீர்நிலை இது. சேவப்ப நாயக்கன் ஏரித் தண்ணீர் நிலத்தடி வழியாக இங்கே வந்ததையும், பெரிய கோயிலில் பெய்த மழை இங்கே இறங்கியதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். காவிரி டெல்டாவில் தண்ணீரை எப்படிக் காத்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

• மரங்களை அண்ணாந்து பாருங்கள். தூங்குமூஞ்சி மரம் கண்ணில் பட்டால் பொழுது சாயும்வரை இருங்கள். இலைகள் மெல்ல மடிவதைக் காணலாம். நாகலிங்க மரமாக இருந்தால் கிளை நுனியில் தேடாதீர்கள், பூ அடிமரத்திலேயே பூக்கும்.

• பக்கத்திலேயே 1779-இல் கட்டிய ஸ்வார்ட்ஸ் தேவாலயத்தையும் எட்டிப் பாருங்கள்.

• குடிதண்ணீரும் தொப்பியும் கொண்டுபோங்கள். சித்திரை வெயில் மரநிழலிலும் விடாது.

செய்யக்கூடாதவை

• மேப்பில் வெறும் ‘சிவகங்கை’ என்று தேடாதீர்கள். சிவகங்கை மாவட்டத்துக்கு வழி காட்டிவிடும்.

• மான், படகு, ரயில் என்று பிள்ளைகளிடம் வீட்டிலேயே வாக்குக் கொடுக்காதீர்கள். நீங்கள் சின்ன வயதில் பார்த்தது இன்றைக்கும் இருக்கும் என்று சொல்ல முடியாது. வாசலில் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

• குளத்தில் இறங்காதீர்கள், குழந்தையின் கையை விடாதீர்கள். பாசி பிடித்த படியில் பெரியவர்களுக்கே கால் நிற்காது.

• அரளிச் செடியைத் தொட்டு விளையாட விடாதீர்கள். பூ, இலை, விதை எல்லாமே விஷம். வாயில் வைத்துவிட்டால் கை வைத்தியம் பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

• நாகலிங்க மரத்தடியில் பாய் விரிக்காதீர்கள். பீரங்கிக் குண்டு மாதிரி கனத்த காய், சொல்லிக்கொண்டு விழாது.

• காய்க்காகக் கல்லெறியாதீர்கள். மேலே தேன்கூடு இருந்தால் அங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் ஆபத்து.

• ஐப்பசி, கார்த்திகையில் காற்று எழுந்தால் பழைய மரத்தடியில் ஒதுங்காதீர்கள். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் எத்தனை மரங்களைச் சாய்த்தது என்று டெல்டாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

• அடிமரத்தில் பெயர் செதுக்காதீர்கள். பட்டைக்குள்தான் மரத்தின் உணவு ஓடுகிறது. வெட்டிய இடத்தில் பூஞ்சை புகும்.

• பிளாஸ்டிக் கவரைக் குளக்கரையில் போடாதீர்கள். குப்பைத்தொட்டி கண்ணில் படாவிட்டால் பையிலேயே வைத்து வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.