கோப்பிலிருந்து ஒரு மதிப்பை நீக்கும் முறை

தாளில் எழுதிய பட்டியலில் ஓர் எண்ணை நீக்க வேண்டுமாயின் அதன்மேல் கோடு இழுத்தால் போதும். கணிப்பொறிக் கோப்பில் அவ்வாறு செய்ய இயலாது. அங்கே எழுத்துக்கள் ஓர் அமைப்புக்கு உட்பட்டு நிற்கின்றன. அவ்வமைப்பு குலையாமல் நீக்குவது எங்ஙனம் என்பதை ஈண்டுக் காண்போம்.

தரவின் அமைப்பு

இன்று பெரிதும் வழங்கும் தரவு வடிவங்களுள் ஒன்று ஜேசான். அமெரிக்கரான டக்ளஸ் கிராக்ஃபோர்டு 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் இதனை வகுத்துப் பரப்பினார். 2013இல் எக்மா அமைப்பு இதற்குத் தரம் வகுத்தது. சதுர அடைப்புக்குள் அமைவது பட்டியல். நெளிந்த அடைப்புக்குள் பெயரும் அதற்குரிய மதிப்பும் இணைந்து வரும். உறுப்புகளைக் காற்புள்ளி பிரிக்கும்; இறுதி உறுப்பின் பின் காற்புள்ளி வரலாகாது.

உதவித்தொகை பெறுவோரின் எண்கள் 101, 104, 104, 107, 1104 என ஒரு கோப்பில் உள்ளன எனக் கொள்வோம். 104 என்பதனை நீக்க வேண்டும். வெறும் எழுத்தாகத் தேடி அழித்தால் 1104 என்பது 1 ஆகிவிடும். காற்புள்ளிகளும் இடம் தவறி நிற்கும். தவறேதும் செய்யாத ஒரு மாணவரின் உதவித்தொகை இதனால் நின்றுபோகக் கூடும். ஆகவே கோப்பை முதலில் தரவாகப் படித்தல் இன்றியமையாதது.

நீக்கும் வழி

1991இல் வெளிவந்த பைத்தான் மொழியில் இதற்கெனக் கருவிகள் உள்ளன. 'ரிமூவ்' என்னும் கட்டளை முதலில் காணும் 104ஐ மட்டுமே நீக்கும். ஒவ்வோர் உறுப்பாகச் சுற்றிவரும்போதே நீக்கினாலோ, முதல் 104 போனவுடன் அடுத்த 104 அதன் இடத்திற்கு நகர்ந்துவிடும். சுற்று அடுத்த இடத்திற்குச் செல்வதால் இரண்டாவது 104 தப்பிவிடும். எனவே 104 அல்லாதவற்றை மட்டும் தேர்ந்து புதிய பட்டியல் அமைப்பதே நன்று. 101, 107, 1104 ஆகிய மூன்றும் எஞ்சும்.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. மேற்கோள் குறிக்குள் உள்ள 104 எழுத்துத் தொடர். குறியின்றி நிற்பது எண். இரண்டும் ஒன்றல்ல. எண்ணைத் தேடும் நிரல் எழுத்துத் தொடரைத் தொடாது.

மீண்டும் எழுதுதல்

பழைய கோப்பை எழுதுவதற்காகத் திறந்த அக்கணமே அதன் உள்ளடக்கம் அழிந்துவிடும். இடையில் மின்சாரம் நின்றால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. ஆதலின் அதே அடைவில் தற்காலிகக் கோப்பு ஒன்றில் முழுவதையும் எழுதி, பின்னர் 'ரிப்ளேஸ்' கட்டளையால் பழையதன் இடத்தில் அதனை அமர்த்த வேண்டும்.

தமிழ்ப் பெயர்கள் உள்ள கோப்பாயின் 'என்ஷ்யூர் ஆஸ்கி' என்பதனை 'ஃபால்ஸ்' என அமைத்தல் வேண்டும். இல்லையேல் தமிழெழுத்துக்கள் குறியீட்டு எண்களாக எழுதப்படும். பொருள் மாறாதெனினும் கண்ணால் படித்துச் சரிபார்க்க இயலாது.

சரிபார்த்தல்

முன்பிருந்தவை ஐந்து, நீக்கியவை இரண்டு, எஞ்சியவை மூன்று. இச்சிறு கணக்கை நிரலே போட்டுப் பார்க்குமாறு செய்து, பொருந்தினால் மட்டுமே பழைய கோப்பை மாற்ற விடுதல் வேண்டும். நிரல் எழுதும் மாணவர் இப்பழக்கத்தைத் தொடக்கத்திலேயே கைக்கொள்வாராயின், பிறருடைய தரவுகளை அவரை நம்பி ஒப்படைக்கலாம்.